நடுநிலைப் பள்ளிப் படிப்பும் சங்கத்துக் கணக்கும்

(கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்காக நிகழ்த்திய பிரசங்கம்)



பிள்ளை 5-ஆம் வகுப்பைத் தாண்டியதும் கிராமத்துத் திண்ணையில் ஒரு கேள்வி எழுவதுண்டு. "எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரிந்துவிட்டது, கையெழுத்துப் போடவும் வந்துவிட்டது, இனி மேலே படித்து ஆகப் போவது என்ன?" என்பதே அது. பெண் குழந்தையானால் இக்கேள்வி இன்னும் சீக்கிரமாகவே பிறந்துவிடுகிறது. இவ்விதம் கேட்பவர் பிள்ளையின் நன்மையில் அக்கறை இல்லாதவர் அல்லர். ஆடு மேய்க்க ஆள் கிடைப்பதில்லை. களையெடுப்புக் கூலி ஏறிக்கொண்டே போகிறது. கடன் தவணையோ காத்திருப்பதில்லை. ஆகையால் சில வீடுகளில் பிள்ளையின் பெயர் பள்ளிப் பதிவேட்டில் இருக்கும். பிள்ளை மட்டும் அறுவடை முடியும் வரையில் களத்து மேட்டில் இருப்பான்.

சட்டம் இவ்விஷயத்தில் தெளிவாகவே இருக்கிறது. 6 முதல் 14 வயது வரையிலுள்ள குழந்தைகளுக்கு இலவசக் கட்டாயக் கல்வி அளிக்கும் சட்டம் 2009-ஆம் ஆண்டில் நிறைவேறி, 2010-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 1-ஆம் தேதி அமுலுக்கு வந்தது. 14 வயது நிரம்பாத பிள்ளைகளைத் தொழில்களில் வேலைக்கு வைத்தல் கூடாது என்று 2016-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் விதித்தது. பள்ளி நேரம் போக மீதி நேரத்திலும், விடுமுறை நாட்களிலும், அபாயமற்ற குடும்ப வேலையில் பிள்ளை ஒத்தாசை செய்வதை அச்சட்டம் தடுக்கவில்லை. ஆனால் சட்டத்துக்குப் பயந்து பள்ளிக்கு அனுப்பப்படும் பிள்ளைக்கும், படிப்பின் பிரயோஜனத்தை அறிந்து அனுப்பப்படும் பிள்ளைக்கும் மிகுந்த வித்தியாசம் உண்டு. ஆகவே, 6, 7, 8 ஆகிய மூன்று வகுப்புகளில் தமிழ்ப் பாடத்திலும் விஞ்ஞானப் பாடத்திலும் பிள்ளைகள் உண்மையில் கற்பது என்ன, அது அங்கத்தினர் குடும்பத்துக்கு எவ்விதம் உதவும் என்பதைச் சற்று விரிவாக ஆராய்வது அவசியமாகிறது.

தமிழ்ப் பாடம்

கீழ் வகுப்புகளில் பிள்ளை கற்பது எழுத்தை ஓசையாக்குவது. நடுநிலை வகுப்புகளில் கற்பது சொல்லின் பொருளைத் திட்டமாக அறிவது. இவ்விரண்டுக்கும் இடையே உள்ள தூரம் அதிகம். தமிழ்நாட்டில் 2018, 2019-ஆம் ஆண்டுகளில் வெளிவந்த பாடநூல்களில் 6-ஆம் வகுப்புக்கு மயங்கொலி எழுத்துகளும், 8-ஆம் வகுப்புக்கு வினைமுற்று, எச்சம், வேற்றுமை ஆகியவையும் இலக்கணப் பாடமாக வைக்கப்பட்டன. இலக்கணம் என்ற பெயரைக் கேட்டவுடன், அது புலவர்களுக்கு உரியதென்று ஒதுக்கிவிடுவோர் பலர். அவ்வெண்ணம் தவறானது என்பதற்குச் சில உதாரணங்கள் போதும்.

ல, ழ, ள ஆகிய மூன்றும் ஒலியில் ஒன்றோடொன்று மயங்குவன. "உழவு" என்பது ஏர் பிடிப்பது; "உளவு" என்பது ஒற்றறிவது. உழவுக்காகக் கடன் கேட்கும் மனுவில் ஓர் எழுத்து மாறிவிட்டால், மனுதாரர் யாரை வேவு பார்க்கப் போகிறார் என்று காரியதரிசி கேட்க நேரிடும்! இது சிரிப்புக்கு இடமான பிழை. ஆனால் பத்திரத்தில் "அரை ஏக்கர்" என்பது "அறை" என்று பதிவானாலும், தகப்பனார் பெயரில் ஒரு "ழ" மாறிப் போனாலும், பிற்காலத்தில் அதைத் திருத்துவதற்கு அலையும் அலைச்சல் சிரிப்புக்கு இடமானதன்று.

வேற்றுமை உருபு இதனினும் முக்கியமானது. "அண்ணனிடம் கடன் வாங்கினான்", "அண்ணனுக்காகக் கடன் வாங்கினான்", "அண்ணனுடன் கடன் வாங்கினான்" என்னும் மூன்று வாக்கியங்களையும் எடுத்துக் கொள்க. சொற்கள் ஏறக்குறைய ஒன்றே. முதல் வாக்கியத்தில் அண்ணன் கடன் கொடுத்தவன். இரண்டாவதில் பணத்தின் பயன் அண்ணனைச் சேர்கிறது. கடன் பட்டவன் தம்பி. மூன்றாவதில் இருவருமே கடன்காரர்கள். சொல்லின் கடைசியிலுள்ள சிறு உருபு ஒரு குடும்பத்தின் பொறுப்பையே மாற்றிவிடுகிறது. எச்சத்தின் சங்கதியும் இவ்விதமே. "கட்டிய தவணை", "கட்டும் தவணை", "கட்டாத தவணை" என்ற மூன்றுக்கும் உள்ள பேதம் பெயரெச்சத்தின் பேதந்தான். முதலாவது தீர்ந்தது, இரண்டாவது வரவேண்டியது, மூன்றாவது வட்டியோடு நிற்பது. எழுத்துக் கூட்டி வாசிக்க மட்டும் கற்றவன் இம்மூன்றையும் ஒரே ஓட்டத்தில் வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போடுவான். 8-ஆம் வகுப்பு முடித்தவன் சற்று நிறுத்திக் கேட்பான்.

கடிதமும் கட்டுரையும் எழுதும் பயிற்சி இவ்வகுப்புகளில் அளிக்கப்படுகிறது. செய்யுளைப் படித்து அதன் கருத்தைத் தன் சொந்த வார்த்தைகளில் கூறும் பழக்கமும் ஏற்படுகிறது. செய்யுளால் மனம் பண்படுகிறது என்பது ஒரு பயன். பிறர் சொன்னதை மாற்றாமல் விளங்கிக் கொண்டு, தான் கருதியதைச் சுருக்கமாகச் சொல்லும் திறமை மற்றொரு பயன். சங்கத்துப் பொதுக்குழுவில் கோபமில்லாமல் எழுந்து நின்று, குறையை நான்கு வாக்கியங்களில் எடுத்துரைக்கக் கூடிய அங்கத்தினர் ஒருவர் இருப்பாராயின், அச்சங்கத்தின் நிர்வாகம் தானே சீர்படும்.

விஞ்ஞானப் பாடம்

தமிழ்ப் பாடம் திட்டமாக வாசிக்கக் கற்பிக்கிறது. விஞ்ஞானப் பாடம் திட்டமாக அளக்கக் கற்பிக்கிறது. 6-ஆம் வகுப்பு விஞ்ஞானப் புத்தகத்தின் முதல் பாடமே அளவீடுகளைப் பற்றியது. அளவுகோலைச் சாய்வாகப் பார்த்தால் அளவு தவறாகத் தெரியும். கண் நேராக இருக்க வேண்டும் என்பது அதில் வரும் சிறு பாடம். பால் சங்கத்தில் பால்மானியைப் பார்ப்பதற்கும், உரக்கடையில் தராசு முள்ளைப் பார்ப்பதற்கும் இதே விதிதான்.

பால்மானி வேலை செய்யும் விதமும் நடுநிலை வகுப்புகளில் வரும் அடர்த்தி என்னும் பாடத்தில் அடங்கியிருக்கிறது. பால் தண்ணீரைவிடச் சிறிது அடர்த்தி கூடியது. தண்ணீர் கலந்தால் அடர்த்தி குறைந்து பால்மானி அதிகமாக அமிழும். ஆனால் பாலின் கொழுப்பு தண்ணீரைவிட இலேசானது. ஆகையால் ஏடு எடுத்த பாலின் அடர்த்தி கூடுகிறது. ஏட்டையும் எடுத்துத் தண்ணீரையும் அளவாகக் கலந்தால் பால்மானி ஏமாந்துவிடக் கூடும். பாலின் சூடும் அளவைச் சிறிது மாற்றிவிடும். இதனாலேயே சங்கங்கள் கொழுப்புச் சத்தையும், கொழுப்பு நீங்கலான மற்றச் சத்தையும் தனித்தனியே கணக்கிட்டு விலை கொடுக்கின்றன. இந்தக் காரணத்தை அறிந்த வீட்டில், "நேற்றைக்கு அவ்வளவு, இன்றைக்கு ஏன் இவ்வளவு?" என்ற கேள்வி சண்டையாக முற்றாது, சோதனையாளரிடம் சீட்டைக் காட்டி விளக்கம் கேட்பதாக முடியும்.

விதை நெல் தேர்வும் அடர்த்தியைச் சேர்ந்த விஷயமே. ஒரு வாளித் தண்ணீரில் புதிய கோழி முட்டையைப் போட்டால் அமிழும். உப்பைச் சிறிது சிறிதாகக் கரைத்து வந்தால், ஒரு நிலையில் முட்டை மிதந்து அதன் மேற்புறம் சிறிதளவு வெளியே தெரியும். முட்டையை எடுத்துவிட்டு அக்கரைசலில் விதை நெல்லைக் கொட்டினால், பதரும் அரை மணியும் மிதக்கும். முற்றிய மணி அடியில் தங்கும். மிதந்தவற்றை அரித்து எடுத்துவிட்டு, தங்கிய விதையை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தடவை கழுவிவிட வேண்டும். இல்லாவிடில் உப்பு முளைப்பைக் கெடுக்கும். விவசாயி அனுபவத்தால் செய்வதை 8-ஆம் வகுப்புப் பயிர்ப் பாடத்தைப் படிக்கும் பிள்ளை காரணத்தோடு அறிகிறான். காரணம் தெரிந்தவன் கழுவ மறப்பதில்லை.

சங்கத்தில் வாங்கும் உர மூட்டையிலும் பாடம் எழுதியிருக்கிறது. யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு தழைச்சத்து. 45 கிலோ மூட்டை ஒன்றில் 20.7 கிலோ தழைச்சத்து உண்டு. டி.ஏ.பி. உரத்தில் நூற்றுக்கு 18 பங்கு தழைச்சத்தும் 46 பங்கு மணிச்சத்தும் இருக்கின்றன. 50 கிலோ மூட்டைக்கு முறையே 9 கிலோவும் 23 கிலோவும் ஆகும். இரண்டிலும் 46 என்ற எண்ணைக் கண்டு இரண்டும் ஒன்றே என்று நினைத்து விடுவது எளிது. ஒன்றில் அவ்வெண் இலைக்கு உரியது; மற்றொன்றில் வேருக்கும் மணிக்கும் உரியது. மண்வள அட்டையில் காணப்படும் கார அமில நிலையும் இவ்வகுப்புப் பிள்ளைக்குத் தெரிந்ததே. 7 என்பது நடுநிலை, அதற்குக் குறைந்தால் அமிலம், மிகுந்தால் காரம். பெரியவர் மடித்துப் பெட்டியில் வைக்கும் அட்டையைப் பிள்ளை விரித்து வாசித்துச் சொல்லக் கூடும்.

இன்னும் ஒன்று. உளுந்துச் செடியை வேரோடு மெதுவாகப் பறித்துப் பார்த்தால், வேரில் சிறு முடிச்சுகள் காணப்படும். ஒரு முடிச்சைக் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் அதில் வாழ்ந்து, காற்றிலுள்ள நைட்ரஜனைப் பயிருக்கு உணவாக்குகின்றன என்பதற்கு அந்நிறம் அடையாளம். நெல்லுக்குப் பின் பயறு விதைக்கும் பழைய வழக்கத்தின் நியாயம் இதில் விளங்குகிறது. நுண்ணுயிர்களைப் பற்றிய பாடம் புத்தகத்தில் சில பக்கம். வயலிலோ அது ஒரு மூட்டை உரத்தின் செலவைக் குறைக்கும் வழி.

குறையும் பரிகாரமும்

இவ்வளவும் புத்தகத்தில் இருந்தும், பல பிள்ளைகள் இவற்றை நெட்டுருப் பண்ணிப் பரீட்சை எழுதிவிட்டு மறந்து போகிறார்கள் என்று கூறுவோர் உண்டு. அக்கூற்றில் உண்மை உண்டு. அடர்த்தியின் சூத்திரத்தைப் பிழையின்றி ஒப்பிக்கும் பிள்ளை, வீட்டுப் பாலை ஒரு முறையும் அளந்து பார்த்திராமல் இருக்கலாம். ஆனால் இக்குறைக்குப் பள்ளிக்கூடம் மாத்திரம் பொறுப்பன்று. பாடம் பள்ளியில் விதைக்கப்படுகிறது. அது வேர் பிடிக்கும் நிலம் வீடு. வீட்டில் யாரும் கேட்காத படிப்பு பிள்ளையின் மனத்தில் தங்குவதில்லை.

ஆகவே அங்கத்தினர்கள் செய்யத்தக்க காரியங்கள் சில உள. அவற்றுக்குப் பணச் செலவு இல்லை.

முதலாவது, சங்கத்திலிருந்து வரும் நோட்டீஸ், பாஸ் புத்தகம், ரசீது ஆகியவற்றை வீட்டுப் பிள்ளையைக் கொண்டு உரக்க வாசிக்கச் செய்து, பொருளையும் அவன் வார்த்தையில் சொல்லச் சொல்லலாம். விளங்காத சொல் இருந்தால் கையெழுத்திடுமுன் சங்கத்தில் கேட்டுத் தெளிந்து கொள்ள வேண்டும். கையெழுத்துக்குப் பொறுப்பு பெரியவருடையதே. பிள்ளையின் வாசிப்பு அவருக்கு ஒரு விளக்கு.

இரண்டாவது, மழை அளவைப் பிள்ளையிடம் ஒப்புவிக்கலாம். அடி தட்டையாகவும் பக்கம் நேராகவும் உள்ள ஒரு டப்பாவை மரநிழல் இல்லாத திறந்த இடத்தில் வைத்து, மழை நின்றதும் அளவுகோலை விட்டுப் பார்ப்பதே போதும். 1 மில்லிமீட்டர் மழை 1 சதுர மீட்டரில் 1 லிட்டர் நீராகும். ஓர் ஏக்கர் ஏறக்குறைய 4,047 சதுர மீட்டர். ஆகவே 20 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஏக்கருக்கு ஏறக்குறைய 81,000 லிட்டர் நீர் கிடைத்தது என்று பிள்ளையே கணக்கிட்டுச் சொல்வான். பம்புசெட்டை அன்று ஓட்டுவதா, நிறுத்துவதா என்ற யோசனையில் அவனுக்கும் ஒரு பங்கு உண்டாகும்.

மூன்றாவது, அறுவடைக் காலத்தில் பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்தாமலிருப்பது. ஒரு மாதப் பாடம் தவறினால் அடுத்த பாடம் விளங்காது. விளங்காத பாடத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு வெட்கம் வரும். வெட்கம் வந்த பிள்ளை தானே நின்றுவிடும். பிள்ளை படிப்பை விட்டது என்று பிறகு சொல்வது வழக்கம். உண்மையில் முதலில் விட்டது வீடு.

இதைக் கூட்டுறவுச் சங்கத்தில் பேசுவது பொருத்தமா என்று ஒருவர் கேட்கலாம். இங்கிலாந்தில் ராச்டேல் நகரத்துத் தொழிலாளர்கள் 1844-ஆம் ஆண்டில் ஒரு சிறு கடையோடு ஆரம்பித்த சங்கம், பின்னர் தன் இலாபத்தில் நூற்றுக்கு இரண்டரைப் பங்கைக் கல்விக்கென்றே ஒதுக்கி வந்தது. சரியான எடையும் கலப்பற்ற மாவும் அவர்களுக்கு எவ்வளவு முக்கியமோ, எடையையும் கணக்கையும் அறிந்த அங்கத்தினரும் அவ்வளவு முக்கியமாக இருந்தனர். 1904-ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்துத் திரூரில் கிராம நாணயச் சங்கம் தொடங்கியபோதும், அதன் மூலதனம் பணம் மாத்திரமன்று. ஒருவருக்கொருவர் வைத்த நம்பிக்கை. அந்த நம்பிக்கை கண்மூடியதாக இருந்தால் ஏமாற்றுவோருக்கு இடமாகும். வாசித்துத் தெளிந்து, அளந்து அறிந்து வைக்கும் நம்பிக்கையே நிலைக்கும்.

அங்கத்தினர்களே! இன்றைக்கு 6-ஆம் வகுப்பில் மயங்கொலியும் அளவுகோலும் படிக்கும் பிள்ளை, சில ஆண்டுகளில் இதே சங்கத்தில் பங்கு எடுத்து அங்கத்தினராவான். மகள் ஆனால் அவளும் ஆவாள். கணக்கைக் கேட்பவராக வரப் போகிறார்களா, பிறர் காட்டிய இடத்தில் கைநாட்டு வைப்பவராக வரப் போகிறார்களா என்பது இந்த மூன்று வருஷங்களில் பெரும்பாலும் முடிவாகிவிடும். நாளைக் காலையில் களத்து வேலைக்கு ஆள் குறைந்தாலும், பள்ளி மணி அடிக்கும் நேரத்தில் பிள்ளை பள்ளியில் இருக்கட்டும், மாலையில் வந்ததும், "இன்றைக்கு என்ன படித்தாய்?" என்று ஒரு வார்த்தை கேட்கப்படட்டும்.