பனிமான் மேய்க்கும் மக்களிடையே

(சங்கத்தின் ஆண்டுவிழாவிலே நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நான் கண்டுவந்த தூரதேசம் ஒன்றைப் பற்றிப் பேசவேண்டுமெனச் செயலாளர் கேட்டுக்கொண்டார். பிரயாணக் கதை சொல்வோர் தாம் பட்ட பாட்டைப் பெரிதாக எடுத்துரைப்பது வழக்கம். நான் பட்ட பாடு பெரிதன்று. குதிரையேறிப் பழகாதவன் குதிரையேறினால் இரண்டு நாளைக்கு ஓரிடத்தில் உட்கார முடியாது, அவ்வளவுதான். ஆகவே என்னைப் பற்றிக் குறைவாகவும், என்னை வரவேற்ற மக்களைப் பற்றி நிறைவாகவும் சொல்ல விரும்புகின்றேன்.

மொங்கோலியா தேசத்தின் வடகோடியிலே, ருஷ்ய எல்லையை ஒட்டி, குவ்ஸ்குல் என்றொரு மாகாணம் இருக்கின்றது. அம்மாகாணத்தின் மேற்குப்புற மலைக்காடுகளிலே துகா என்னும் சிறு கூட்டத்தார் வாழ்கின்றனர். மொங்கோலியர் இவர்களை 'பனிமான் உடையோர்' என்று பொருள்படும் வேறொரு பெயரால் அழைப்பர். இவர்கள் தொகை சில நூறே. அவர்களுள்ளும் இன்று காட்டிலே கூடாரமிட்டு மந்தையோடு வாழ்வன சில பத்துக் குடும்பங்கள் மட்டுமே. உலகிலே பனிமான் வளர்க்கும் மக்கள் வாழும் நாடுகளுள் தெற்கெல்லை இதுவென்பர்.

தலைநகராகிய உலான்பாதரிலிருந்து மூரன் என்னும் பட்டினத்துக்கு விமானத்திலோ மோட்டார் வண்டியிலோ போகலாம். அங்கிருந்து சகான்நூர் என்னும் சிற்றூருக்கு ஒரு முழுநாட் பயணம். பாதை என்று சொல்வதற்கில்லை. ஆறும் சேறும் கல்லுமே பாதை. எல்லைக்கு அண்மையான இடமாதலால் பிறநாட்டார் முன்கூட்டியே அனுமதிச் சீட்டும் பெறவேண்டும். சகான்நூருக்கு அப்பால் வண்டி ஓடாது. அதன்பின் குதிரைதான். மேய்ப்போர் அப்பொழுது எந்த மலையிலே தங்கியிருக்கின்றனரோ, அதற்கேற்ப ஒருநாளோ இருநாளோ செல்லும். நான் சென்றது ஒரு யூலை மாதத்திலே.

அங்கே முதலிற் கண்ணிற்படுவது கூம்பு வடிவமான கூடாரம். இளமரக் கம்புகளை வட்டமாகச் சாய்த்து நிறுத்தி, மேலே துணி போர்த்திருப்பர். முற்காலத்திலே மரப்பட்டையும் தோலும் போர்த்தினர். நடுவிலே இரும்படுப்பு, அதன் புகைக்குழாய் உச்சித் துவாரத்தின் வழியே வெளியே நீளும். கூடாரத்தின் பக்கத்திலே சூரிய ஒளியால் மின்சாரம் தரும் பலகை ஒன்றும் சாய்த்துவைக்கப்பட்டிருக்கும். இதைக் கண்டு சில பிரயாணிகள் முகஞ்சுளிப்பதுண்டு. 'பழைய வாழ்வைக் காண வந்தோம், இது என்ன?' என்பது அவர்கள் குறை. பழமை காட்டுவதற்காக அம்மக்கள் இருளில் இருக்கவேண்டுமென்று எதிர்பார்ப்பது எவ்வகை நியாயமோ, எனக்கு விளங்கவில்லை.

இனி, பனிமானைப் பற்றிச் சிறிது கூறுவேன். மான் இனங்களுள் ஆணுக்கும் பெண்ணுக்கும் கொம்புள்ளது இது ஒன்றே. கறக்கும் பால் சிறிதளவே. ஆனாற் பசுப்பாலில் நூற்றுக்கு நான்கு பங்களவான கொழுப்பு இருக்க, இதன் பாலிலோ பதினைந்துக்கு மேல் இருக்கும். அப்பாலை உப்பிட்ட தேநீரிற் கலந்து தருவர். தயிரும் பாற்கட்டியும் செய்வர். சேணமிட்டு ஏறிச் செல்வர். குடிபெயரும்போது பொதி ஏற்றுவர். இறைச்சிக்காகக் கொல்வது அருமை. மற்றப் பனிமான் நாடுகள் பலவற்றிலே மந்தை இறைச்சிக்கு உரியது. இங்கோ மந்தை பாலுக்கும் பயணத்துக்கும் உரியது. ஆகையால் ஒவ்வொரு மானையும் தனித்தனியே அறிவார்கள்.

இம்மான் குளிருக்கென்றே பிறந்தது. மாரியிலே அங்கு வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே நாற்பது பாகைக்கும் இறங்கும், அதைத் தாங்கும். தாங்காதது வெயில். அதன் முக்கிய உணவு இலைக்கன் என்னும் ஒருவகைக் கற்பாசி. அது ஆண்டுக்குச் சில மில்லிமீற்றர் மாத்திரமே வளரும். மேய்ந்த இடம் மீண்டும் நிரம்பப் பல்லாண்டு செல்லும். இதனாலேதான் இவர்கள் ஓரிடத்தில் நிலையாகத் தங்குவதில்லை. ஊர்சுற்றும் விருப்பத்தால் அலைகின்றனர் என்று எண்ணுவோர் இதை அறியவேண்டும். எங்கே தங்குவது, எப்பொழுது புறப்படுவது என்பதை மானின் வயிறு முடிவு செய்கின்றது. கோடையிலே உயரமான, காற்று வீசும், பனி எஞ்சிய இடங்களுக்கு ஏறுவர். கன்றுகளைக் கட்டிவைப்பர்; தாய்மான்கள் மேய்ந்து திரும்பி வரும். உப்பென்றால் மானுக்கு உயிர். வேலியில்லாத காட்டிலே மானையும் மனிதனையும் பிணைத்து வைத்திருப்பவை ஒரு கைப்பிடி உப்பும் ஒரு கன்றின் கயிறுமே.

இம்மக்கள் இவ்வாழ்வை எளிதிற் காத்து வரவில்லை. இவர்களின் தாய்மொழி துருக்கிய இனத்தது; எல்லைக்கு அப்பாலுள்ள துவா நாட்டு மொழிக்கு நெருங்கிய உறவுடையது. முன்னோர் அந்நாட்டுக்கும் இந்நாட்டுக்குமாக மலைகளிலே தடையின்றித் திரிந்தவர்கள். துவா 1944 இல் சோவியத்து ஒன்றியத்துடன் இணைக்கப்பட்டது. அதன்பின் எல்லை இறுகியது. உறவினர் அப்பாலும் இவர்கள் இப்பாலுமாயினர். 1956 இலேதான் இவர்களுக்கு மொங்கோலியக் குடியுரிமை கிடைத்தது. பொதுவுடைமை ஆட்சியிலே மந்தைகள் அரசின் கூட்டுடைமையாயின. பலர் சகான்நூரிலே கூலி வேலைக்குச் சென்றனர். 1990 ஆம் ஆண்டையொட்டி அவ்வாட்சி மாறியபோது சம்பளமும் நின்றது. மிருக வைத்தியரும் வருவதில்லை. மந்தை ஆயிரத்துக்கும் கீழே குறைந்தது. அந்நாளிலே பல குடும்பங்கள் பட்டினத்தை நோக்கிப் போகாமற் காட்டை நோக்கி மீண்டன. மந்தையைச் சிறுகச் சிறுகப் பெருக்கினர். 2011 இல் அவர்களின் மலைகளிற் பெரும்பகுதி தேசியப் பூங்காவாக்கப்பட்டது. காட்டைக் காப்பது நல்லதே. ஆயினும் வேட்டையை நம்பியிருந்தோரின் கைகட்டப்பட்டது. அரசாங்கம் இன்று சிறு உதவிப்பணம் கொடுக்கின்றது. மாவும் அரிசியும் தேயிலையும் விலைகொடுத்தே வாங்கவேண்டும். பிள்ளைகள் சகான்நூரில் விடுதியிலே தங்கிப் படிக்கின்றனர். ஆகவே காசு வேண்டும். காசு எவ்வழியால் வரும்? எம்போன்ற பிரயாணிகளால் வரும்.

அன்பர்களே, என் பேச்சின் முக்கியமான இடத்துக்கு வந்துவிட்டேன்.

குவ்ஸ்குல் மாகாணத்திலே அதே பெயருடைய அழகிய ஏரியொன்று உண்டு. கோடையிலே உல்லாசப் பிரயாணிகள் அங்கே திரளாக வருவர். மலையேற அவர்களுக்கு நேரமில்லை. ஆனாற் பனிமானோடு படம் பிடித்துக்கொள்ள ஆசையுண்டு. அவ்வாசையை அறிந்த சில குடும்பத்தார் மான்களைக் காட்டிலிருந்து ஏரிக்கரைக்கு இறக்கிக்கொண்டு வருகின்றனர். ஏரி கடல் மட்டத்திலிருந்து 1,645 மீற்றர் உயரத்திலேதான் இருக்கின்றது. கோடை மேய்ச்சல் மலைகளோ அதனினும் மிக உயரம். கரையிலே வெயில் அதிகம், ஈ அதிகம், கற்பாசி அரிது. மான் மெலிகின்றது, நோய்ப்படுகின்றது. படம் பிடித்தவர் மகிழ்ச்சியோடு வீடு திரும்புகின்றார். மானின் நோய் அப்படத்திலே தெரிவதில்லை.

நான் தங்கிய குடும்பத்திலும் இதைப் பற்றி ஒரு வழக்கு நடந்துகொண்டிருந்தது. தந்தையார் அறுபதைக் கடந்தவர். மூத்த மகன் மணமானவன். இளைய மகள் உலான்பாதரிலே ஆசிரியத் தொழிலுக்குப் படிக்கின்றாள். அவளுடைய படிப்புச் செலவு பெரிய பாரம். ஒருநாள் இரவு தேநீர் அருந்தும்போது மகன் பேச்சைத் தொடங்கினான். என்னோடு வந்த மொங்கோலிய இளைஞர் மெல்ல மொழிபெயர்த்துச் சொன்னார்.

"அப்பா, ஐந்து மான்களை மாத்திரம் இறக்குவோம். இரண்டு மாதம். தங்கச்சியின் ஒரு வருடச் செலவு தீர்ந்துவிடும்" என்றான் மகன்.

"ஐந்து போகும். எத்தனை திரும்பும்?" என்றார் தந்தை.

"திரும்பாவிட்டாலும் அவள் படித்துவிடுவாள் அல்லவா?"

தந்தை நெடுநேரம் பேசவில்லை. மகன் சொன்னதிலே நியாயம் இருந்தது. அது அவருக்கும் தெரியும். அடுப்பிலே விறகு வைத்துக்கொண்டிருந்த தாயார்தான் இறுதியிலே என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு சொன்னார்: "காண ஆசைப்படுகிறவர்கள் ஏறி வரட்டுமே. இவரைப் போல அவர்களுக்கும் கால் இருக்கிறதுதானே!"

எல்லாரும் சிரித்தோம். வழக்குத் தீர்ந்தபாடில்லை, நான் புறப்படும்வரையும் தீரவில்லை. ஆயினும் அவ்வம்மையார் சொன்ன வார்த்தையிலே ஒரு தீர்ப்பு இருக்கின்றது என்றே நான் நினைக்கின்றேன். அத்தீர்ப்பு அந்தக் குடும்பத்துக்குரியதன்று, பிரயாணியாகிய நமக்குரியது. 'அங்கே போகாதிருங்கள்' என்று அவர் சொல்லவில்லை. போகாதுவிட்டால் மகளின் படிப்புக்கு வழியில்லை. 'ஏறி வாருங்கள்' என்றே சொன்னார். குதிரைக்குக் கொடுக்கும் கூலியும், வழிகாட்டிக்குக் கொடுக்கும் கூலியும், கூடாரத்திலே தங்குவதற்குக் கொடுக்கும் பணமும், மான்கொம்பிலே செதுக்கிய சிறு பொருளுக்குக் கொடுக்கும் விலையும் மலையிலேயே அவர்கள் கைக்குச் சேர்ந்தால், மான் இறங்கவேண்டிய அவசியம் குறையும். வருத்தம் யாருக்கு என்பதே கேள்வி. வருத்தத்தை விருந்தினன் ஏற்கவேண்டும். மந்தையின் மேற் சுமத்தலாகாது.

இளைஞர்களே, உங்களிற் பலர் படிப்புக்காகவும் தொழிலுக்காகவும் தூரதேசங்களுக்குச் செல்வீர்கள். அங்கே இத்தகைய சிறு கூட்டத்தாரின் வாயிலில் நிற்கும் நாள் உங்களுக்கும் வரலாம். ஆகையால் நான் கண்டறிந்த சில ஒழுங்குகளைச் சொல்லிவைக்கின்றேன்.

உங்கள் உணவை நீங்களே கொண்டு செல்லுங்கள். வீட்டாருக்கென மா, அரிசி, தேயிலை கொண்டு சென்றால் மிக நன்று. மதுப்போத்தலை அன்பளிப்பாகக் கொண்டு போகாதீர்கள். சிறிய சமூகத்திலே அது செய்யும் கேடு பெரிது. கூடாரத்துள் நுழைந்தால் விருந்தினருக்குரிய இடப்பக்கத்திலே அமருங்கள். வாயிலுக்கு நேரெதிரே உள்ள பின்பக்கம் மேன்மையான இடம். புனிதமானவற்றை அங்கே வைத்திருப்பர். அடுப்புத் தீ அவர்களுக்கு வழிபாட்டுக்குரியது. அதிலே குப்பையைப் போடலாகாது. தேநீர் தந்தால் வேண்டாமென மறுக்காது, ஒரு வாயேனும் பருகுங்கள். அவர்களிடையே ஆவிகளோடு பேசும் பூசகர் உளர். அவர்களின் சடங்கு நோய்க்கும் துயருக்கும் உரியது. அதைக் காசு கொடுத்து ஆடிக் காட்டச் சொல்வது, நம்முடைய கோயிற் பூசையைப் படம் பிடிப்பதற்காக மறுபடி ஒருமுறை செய்யச் சொல்வதை ஒக்கும். படம் பிடிக்குமுன் கேளுங்கள். கொண்டுபோன தாளும் போத்தலும் உங்களோடே திரும்பி வரட்டும்.

பெரியோர்களிடம் ஒரு விண்ணப்பம். இத்தகைய மக்களைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது 'பாவம், ஒன்றுமற்றவர்கள்' என்றும் சொல்லவேண்டாம். 'கவலையற்ற பாக்கியவான்கள்' என்றும் சொல்லவேண்டாம். மகளின் படிப்பை எண்ணி இரவிலே விழித்திருக்கும் தந்தை அங்கும் இருக்கின்றார். தாய்மொழி பிள்ளைகள் வாயிலே குறைந்து வருகின்றதே என்ற ஏக்கம் அங்கும் இருக்கின்றது. முதியோர் தமக்குள் துகா மொழியிலே பேச, இளையோர் மொங்கோலிய மொழியிலே மறுமொழி சொல்வதை நான் கேட்டேன். ஆட்சிகள் மாறின, எல்லைகள் மாறின, சட்டங்கள் மாறின. இவற்றுள் எதையும் அவர்களைக் கேட்டுச் செய்தவர் இல்லை. மந்தையை எங்கே நடத்துவது என்ற ஒன்றையாவது அவர்களும் அவர்களின் மான்களுமே முடிவு செய்யட்டும்.

பிற தேசத்தார் நம் கோயில் வாயிலிலே, ஒருவரும் சொல்லாமலே, பாதரட்சையைக் கழற்றி வைப்பதைக் காணும்போது நமக்கு எத்துணை மகிழ்ச்சி உண்டாகின்றது! அந்தச் சிறு பணிவையே நாம் செல்லும் இடங்களுக்கும் கொண்டுசெல்வோமாக. காண விரும்புவோர் ஏறிச் செல்லட்டும். காணப்படுவோர் தம் இடத்திலே நிம்மதியாக இருக்கட்டும்.