படம் ஏன் குதிக்கிறது?



காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் விடியற்காலையில் நின்றிருக்கிறீர்களா? விசைப்படகில் வலையை இழுக்கும் விஞ்சு ஓடும் சத்தத்தைக் கேட்டே அதற்கு என்ன கோளாறு என்று சொல்லிவிடும் ஆட்கள் அங்கே உண்டு. அந்த விஞ்சுகளைப் பழுதுபார்ப்பதுதான் என் தொழில். பட்டறை திருவொற்றியூரில் இருக்கிறது. கழற்றிய ஒவ்வொரு பல்சக்கரத்தையும் படமெடுத்து, கீழே குறிப்பெழுதி, கணினியில் சேர்த்து வைப்பேன்.

அதற்கு நான் வைத்திருப்பது ஈமேக்ஸ் என்ற எழுத்துத் திருத்தி. இன்று புழக்கத்தில் இருக்கும் குனூ ஈமேக்ஸை ரிச்சர்ட் ஸ்டால்மன் 1985-இல் பொதுப் பயன்பாட்டுக்கு விட்டார். கட்டற்ற மென்பொருள். உள்ளே என்ன நடக்கிறது என்று யாரும் திறந்து பார்க்கலாம், மாற்றலாம். குறிப்புகளை நான் தமிழிலேயே எழுதுகிறேன். 2020-இல் வந்த 27-ஆம் பதிப்பில் ஹார்ஃப்பஸ் என்ற எழுத்துக்கோப்பு நூலகம் சேர்ந்தது. கொம்பும் காலும் அதனதன் இடத்தில் வந்து உட்கார அது உதவுகிறது.

ஒருநாள் படகுக்காரர் ஒருவருக்கு அவருடைய விஞ்சின் பல்சக்கரத்தைத் திரையில் காட்டிக்கொண்டிருந்தேன். மவுஸ் சக்கரத்தைச் சுழற்றினேன். படம் ஒரே தாவலில் மேலே போய், அடுத்த படம் வந்துவிட்டது. "இன்னாண்ணே, மேல்பாதிதான் தெரிஞ்சுது, கீழ்ப்பாதி எங்க போச்சு?" என்றார். சன்னலைப் பெரிதாக்கித் திரும்பக் காட்டினேன். அந்தக் கீழ்ப்பாதியில், ஒரு பல்லின் அடியில், மயிரிழை விரிசல் இருந்தது. நானே அதுவரை பார்க்கவில்லை. நடுக்கடலில் வலையோடு அந்தப் பல் முறிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அன்றிரவு தூக்கம் வரவில்லை. படம் குதிப்பது சின்ன விஷயம் என்று அதன்பிறகு நான் நினைத்ததில்லை.

விஞ்சு அதிர்ந்தால் முதலில் என்ன செய்வோம்? சுமையைக் கழற்றிவிட்டுக் காலியாக ஓட்டிப் பார்ப்போம். ஈமேக்ஸுக்கும் அப்படி ஒரு வழி இருக்கிறது. கட்டளை வரியில் ஈமேக்ஸ் என்று எழுதி, இடைவெளி விட்டு, ஒரு சிறுகோடும் பெரிய க்யூ எழுத்தும் சேர்த்தால், நாம் ஏற்றி வைத்த அமைப்பு எதுவும் இல்லாமல் வெறுமையாகத் திறக்கும். அதிலும் படம் குதித்தால் குறை நம் அமைப்பில் இல்லை. எனக்கு அதிலும் குதித்தது.

அடுத்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம், நேயர்களே. ஈமேக்ஸிடமே கேட்கலாம். கண்ட்ரோலோடு எச், பிறகு கே அழுத்திவிட்டு, மவுஸ் சக்கரத்தைச் சுழற்றுங்கள். நீங்கள் சுழற்றியபோது எந்தக் கட்டளை ஓடியது, அது எந்தக் கோப்பில் எழுதப்பட்டிருக்கிறது, என்ன செய்கிறது என்று விளக்கம் திரையில் வரும். மூலநிரல் கணினியில் இருந்தால், அந்தக் கோப்பின் பெயரைத் தொட்டதும் லிஸ்ப் மொழியில் எழுதிய நிரலே திறக்கும். ஓடும் இயந்திரம் தன் மூடியைத் தானே திறந்து "இந்தப் பல்தான் சுழல்கிறது" என்று காட்டினால் எப்படி இருக்கும்! முப்பது வருடமாகக் கையால் தடவித் தடவிக் கோளாறு தேடியவன் நான். அன்றிரவு அந்த விளக்கங்களை ஒன்றன்பின் ஒன்றாகப் படித்தேன், விடிந்தது தெரியவில்லை.

படித்ததில் புரிந்தது இது. ஈமேக்ஸ் எழுத்துக்காகப் பிறந்தது. அது வரிக்கணக்கில்தான் நகரும். படம் காட்டும் வசதி 2001-இல் வந்த 21-ஆம் பதிப்பில்தான் சேர்ந்தது. நம் கண்ணுக்கு அரைத்திரை உயரப் படம். ஈமேக்ஸ் கணக்கில் அது ஒரு வரி, அவ்வளவுதான். போதாக்குறைக்கு, எழுதுமிடத்தைக் காட்டும் கர்சர் எப்போதும் திரைக்குள் இருந்தாக வேண்டும். கர்சர் படத்தின்மேல் நின்றால், அதைத் திரைக்குள் வைக்கத் திரையே ஒரு துள்ளு துள்ளும்.

படகில் கயிற்றைப் பாகக் கணக்கில் அளப்பார்கள். இரண்டு கையையும் விரித்தால் ஒரு பாகம், ஏறக்குறைய ஆறடி. ஆழத்துக்கு விடும்போது பாகம் பாகமாகவே விடலாம். ஆனால் வலை படகோரம் வந்துவிட்டால்? அப்போதும் பாகக் கணக்கில் இழுத்தால் வலை கிழியும். சாண் சாணாகத்தான் இழுப்பார்கள். கயிறு அதேதான், அளவுதான் மாறுகிறது. ஈமேக்ஸுக்கும் அந்தச் சாண் கணக்கைச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது.

2023 ஜூலையில் வந்த 29-ஆம் பதிப்பில் அது இருக்கிறது. ஆல்ட்டோடு எக்ஸ் அழுத்தி, 'பிக்சல் ஸ்க்ரோல் பிரிசிஷன் மோட்' என்பதை ஆங்கிலத்தில், சொற்களுக்கு இடையே சிறுகோடிட்டுத் தட்டுங்கள். வரிக்கணக்கு போய்ப் புள்ளிக்கணக்கு வந்துவிடும். மடிக்கணினியின் தொடுபலகையில் இரண்டு விரலை வைத்து நகர்த்தினால், படம் விரலோடு வழுக்கிக்கொண்டு வரும். பழைய மவுஸ் சக்கரம் கடக் கடக்கென்று படியாக நகர்வதால், அதற்குத் தனியாக ஓர் அமைப்பும் தேவைப்படலாம். கைப்பேசியில் எடுத்த பெரிய படங்களைக் கொஞ்சம் சுருக்கிச் சேர்த்தால் கணினிக்குப் பாரமும் குறையும்.

நேரம் முடியப் போகிறது. காலியாக ஓட்டிப் பாருங்கள், இயந்திரத்திடமே கேளுங்கள், அது எந்தக் கணக்கில் எண்ணுகிறது என்று கண்டுபிடியுங்கள். இவ்வளவுதான் நான் சொல்ல வந்தது. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை எத்தனை பட்டறைகள், எத்தனை கைகள்! அந்தக் கைகளுக்குத் தெரிந்தது பெரும்பாலும் ஏட்டில் இல்லை. எங்கள் வீட்டுப் பிள்ளைகள் அதைப் படத்தோடு, தமிழில், தாங்களே திறந்து திருத்தக்கூடிய மென்பொருளில் எழுதிவைக்க வேண்டும் என்பதே என் ஆசை. அப்படி எழுதிவைக்கும் படத்தில், கீழ்ப்பாதியும் சேர்ந்து தெரியட்டும்.