கொக்குவில் வளவில் இளவேனில்

ஆண்டை ஆறு பருவங்களாக வகுத்த தமிழர், சித்திரை வைகாசி ஆகிய இரு திங்களையும் இளவேனில் என்றனர். மேலைநாட்டார் வசந்தம் என்றவுடன் பனி உருகுவதையும் மொட்டை மரம் தளிர்ப்பதையும் நினைப்பர். யாழ்ப்பாணத்து இளவேனில் அத்தகையது அன்று. ஏப்ரல் மாத நடுவில் கதிரவன் அங்கே நண்பகலில் நேர் உச்சியில் நிற்கிறான். மரத்தின் நிழல் மரத்தடியிலேயே ஒடுங்கிவிடுகிறது. மாரி மழை ஓய்ந்து மாதங்கள் சில ஆகிவிட, கிணற்று நீர் நாளுக்கு நாள் கீழிறங்கும் காலம் அது. ஆயினும் வேம்பு பூப்பதும், மா காய்ப்பதும், பனங்குலைகள் நுங்குப் பருவத்தில் நிற்பதும் அந்த வெயிலிலேதான்.

யாழ்ப்பாண நகருக்கு வடக்கே, காங்கேசன்துறை வீதியை ஒட்டியது கொக்குவில். மேலே செம்மண், கீழே சுண்ணாம்புக்கல். கல்விக்கும் உத்தியோகத்துக்கும் பேர்போன ஊர் ஆதலால், வெளியூரில் தொழில் பார்த்து விடுமுறைக்கு வீடு திரும்புவோர் அங்கு என்றும் உண்டு. 1905ஆம் ஆண்டில் வடபகுதி ரயில் பாதை முற்றுப்பெற்றது முதல் அவர்களுக்கு ரயிலே துணை. 1966 முதல் 1971 வரை இலங்கையில் சனி ஞாயிறு விடுமுறை இல்லை. போயா நாளும் அதற்கு முந்திய நாளுமே வார விடுமுறையாய் இருந்தன. கணவர் வரும் நாளைக் கொக்குவில் மனைவியர் நிலவைப் பார்த்தே கணித்திருப்பர் போலும்! பின்னர் போர் வந்தது. 1990இல் நின்றுபோன ரயில், 2014 ஒக்டோபரில்தான் யாழ்ப்பாணத்தை மீண்டும் எட்டியது.

அந்த ரயிலில் வெள்ளிக்கிழமை மாலை வந்திறங்கும் ஒருவரை நேயர்கள் மனத்தில் கொள்ளலாம். அவர் வவுனியாவில் அரசாங்க உத்தியோகத்தர். மனைவி உள்ளூரில் ஆசிரியை. பிள்ளைகள் கடல் கடந்து வாழ்கின்றனர். வளவில் ஒரு கறுத்தக்கொழும்பான் மா, இரண்டு பலா, முருங்கை, தேசி, நாலைந்து தென்னை. வேலியோரத்தில் ஒரு பெரிய வேம்பு.

சனிக்கிழமை பொழுது புலருமுன் மனைவி வேம்பின் அடியைக் கூட்டிப் பாய் விரிக்கிறார். உதிரும் பூ மண் படாமல் சேர வேண்டும் அல்லவா? சேர்ந்த பூவைச் சுளகிலிட்டுப் புடைத்துக் காம்பு நீக்குகிறார். முதல்நாள் ஊறவைத்து அரைத்த உழுந்தோடு, வெங்காயம், செத்தல் மிளகாய், பெருஞ்சீரகம், உப்பு ஆகியன கூட்டி, உலர்ந்த பூவையும் சேர்த்துப் பிசைகிறார். சிறு சிறு வடைகளாகத் தட்டி வெயிலில் வைத்தால் சில நாட்களில் கல்லுப்போலக் காய்ந்துவிடும். இதுவே வேப்பம்பூ வடகம். மாரிக்காலத்தில் மரக்கறி அருகிய நாளில் எண்ணெயிலே பொரித்தெடுத்தால், சோற்றுக்கு வேறு துணை தேவையில்லை. கசப்பு முற்றும் போய்விடுவதில்லை. போய்விட்டால் அது வடகமே அன்று என்பார் யாழ்ப்பாணத்தார். இதிலே ஒரு பங்கு பொதி செய்யப்பட்டுப் பிள்ளைகளுக்கும் போகும்.

சமையலறையில் கணவருக்கும் பணி உண்டு. திருவலையில் தேங்காய் திருவுவதும் முருங்கைக்காய் பிடுங்குவதும் அவர் பொறுப்பு. புழுங்கலரிசிச் சோறு, முருங்கைக்காய்க் கறி, பலாக்கொட்டைக் கறி, மாங்காய்ப் பச்சடி, சொதி. கடையில் வாங்கியவை அரிசியும் தூளுக்கான சரக்குமே. கறுத்தக்கொழும்பான் கனிய இன்னும் வாரங்கள் செல்லும். பச்சடிக்கு ஆனவை காற்றில் விழுந்த பிஞ்சுகள்.

உணவு முடிந்து திண்ணையில் இருக்கையிலேதான், "இஞ்சாருங்கோ" என்று மனைவி அழைத்தார். அவர் சுட்டியது வேலியை. மதில் கட்டும் மேசன் எல்லைக் கயிறு கட்டிவிட்டுப் போயிருந்தார். கயிறு வேம்பின் நடுத்தண்டை முட்டி நின்றது. மரத்தைத் தறித்தால்தான் அத்திவாரம் வெட்டலாம் என்பது மேசனின் முடிவு.

மதில் வேண்டும் என்றவர் கணவர். அவர் சொல்லிலும் நியாயம் உண்டு. ஆண்டுதோறும் கிடுகு வாங்கி வேலி அடைப்பதற்கு ஆள் கிடைப்பதில்லை. மனைவியோ வாரத்தில் ஐந்து நாள் தனியே இருக்கிறார். ஆனால் வளவு மனைவியின் சீதனம். ஒல்லாந்தர் ஆட்சியில் 1707இல் தொகுக்கப்பட்ட தேசவழமையின்படி, தாயின் சீதனம் மகளுக்குச் சீதனமாய் இறங்கிவருவது பழைய முறை. அவ்வாறே நிலத்தோடு மரமும் தாய்வழி வந்தது. 1995 ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்தபோது இவ்வீடும் வெறுமையாயிற்று. அடுத்த சித்திரையில் மக்கள் திரும்பத் தொடங்கினர். இவ்வீட்டார் வந்து பார்க்கையில் கூரை இல்லை, கதவுகள் இல்லை. வேம்பு பூத்து நின்றது. அந்த ஆண்டும் மனைவியின் தாயார் வடகம் போட்டார், பிறர் தந்த உழுந்தில்.

இதனை மனைவி எடுத்துரைக்கவில்லை, கணவர் அறிந்ததே. அவர் சொன்னது வேறு: மதில் மரத்தடியில் உள்வாங்கட்டும், மரம் அயல் வளவோடு போகட்டும்.

கணவர் திகைத்தார். வேலிக் கதியால் ஒரு சாண் தள்ளி நட்டதற்காக நீதிமன்றம் ஏறி, வழக்குக்காகக் காணியையே விற்ற கதைகள் மலிந்த நாடு யாழ்ப்பாணம். அங்கே இரண்டு முழ நிலத்தையும் நின்ற மரத்தையும் விட்டுக்கொடுப்பதாவது! தறித்த மரத்தால் எவருக்கும் பூ இல்லை; அயலிலே நின்றால் பாதிப் பூவேனும் இப்பக்கம் விழும் என்றார் மனைவி. அன்றிரவு அப்பேச்சு முடியவில்லை.

ஞாயிறு மாலை ஒடியற் கூழ். தை, மாசியில் கிண்டிய பனங்கிழங்கைக் கிழித்து உலர்த்திய ஒடியலின் மா அது. கைப்பு நீங்கப் பலமுறை நீரில் ஊறவிட்டு வடிக்க வேண்டும். மீன், நண்டு, இறால், பயற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளி, முருங்கையிலை யாவும் ஒரே பானையில் வேக, புளியும் மிளகாய்க் கூட்டும் மாவும் இறுதியில் சேரும். கூழ் இருவருக்காகக் காய்ச்சும் பண்டம் அன்று. அயல்வீட்டு மூதாட்டி வேலிப் பொட்டினூடே வந்து அமர்ந்தார். பொட்டு என்பது, பெண்டிர் வீதிக்கு இறங்காமல் போய்வரவும் கறியும் செய்தியும் மாற்றிக்கொள்ளவும் வேலியில் விடும் சிறு இடைவெளி. பலாவிலையைக் கோலி ஈர்க்கால் குத்தி, சுடச்சுடக் கூழை அள்ளிக் குடிக்கையில் மதிற்கதை வந்தது.

மூதாட்டி எல்லாவற்றையும் கேட்டிருந்தார். "பிள்ளை, மரத்தையும் வேண்டாம், நிலத்தையும் வேண்டாம். மதிலை வேம்புக்கு இந்தப் பக்கத்தில் ஒன்றும் அந்தப் பக்கத்தில் ஒன்றுமாய் நிறுத்து. நடுவில் பொட்டு இருக்கட்டும். மதில் வந்தால் நான் எப்படி இங்கே வருவது?" என்றார்.

கணவர் சிரித்துவிட்டார். திங்கள் விடியுமுன் அவர் ரயிலுக்குப் புறப்பட வேண்டும்; ஆதலால் அன்றிரவே மேசனுக்குத் தொலைபேசியில் செய்தி சொல்லப்பட்டது. மேற்கே முகில் கட்டியது கண்டு, வெளியில் மறந்த வடகச் சுளகுகளை இருவருமாய் உள்ளே எடுத்துவைத்தனர்.