மனையியலை ஏன் ஒதுக்குகிறோம்?



ஓசூர்ச் சாலையில் சந்தாபுராவில் வாழும் நம்மவர்க்கு 'மனை' என்றதும் முப்பதுக்கு நாற்பது அடி நிலமே நினைவுக்கு வரும். பத்தாம் வகுப்பில் தேறிய எங்கள் மகள், பி.யூ.சி.யில் மனையியல் பயில விரும்புவதாகக் கூறியபோது, எங்களுக்கு அடுப்பங்கரைதான் நினைவுக்கு வந்தது. "அம்மாவிடம் கற்பதற்குக் கல்லூரி எதற்கு?" என்று கேட்டோம். மறுமொழி கூறாமல் அவள் வணிகவியலில் சேர்ந்தாள். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நாங்கள், 'மனை' என்பதைக் கேட்டோம். 'இயல்' என்பதை விட்டுவிட்டோம்.

மாணவர் இப்பாடத்தை ஒதுக்குவதற்குக் காரணங்கள் சில உண்டு. முதலாவது, இது பெண்களுக்கே உரியது என்ற முத்திரை. டாக்டர் ஏ. இலட்சுமணசுவாமி முதலியார் தலைமையில் 1952-53-இல் ஆராய்ந்த இடைநிலைக் கல்விக் குழு, விருப்பப் பாடப் பிரிவுகள் ஏழனுள் ஒன்றாக மனையியலை வைத்தது. பெண்களுக்கு இதனைக் கட்டாயமாக்க வேண்டா எனக் கோத்தாரிக் குழு 1966-இல் கூறியது. ஆயினும் முத்திரை அழியவில்லை.

இரண்டாவது, பொறியியல், மருத்துவம் ஆகியவற்றின் வாயில் அடைபடும் என்ற அச்சம். கலைப் பிரிவில் சேர்த்துப் பயில்வோர்க்கு அது மெய்யே. ஆனால் வாயில்கள் அவை இரண்டு மட்டும்தாமா?

மூன்றாவது, சேர்வோர் இன்மையால் ஆசிரியர் இல்லை. ஆசிரியர் இன்மையால் சேர்வோர் இல்லை.

இத்துறைக்கு அடிகோலியவர்களுள் ஒருவரான எல்லன் ரிச்சர்ட்ஸ் அம்மையார், குடிநீரைச் சோதித்த வேதியியல் அறிஞர். 1957-இல் கோவையில் தோன்றிய அவிநாசிலிங்கம் மனையியல் கல்லூரியை வளர்த்த இராஜம்மாள் தேவதாஸ் அம்மையார், ஊட்டச்சத்து அறிஞர். இவர்கள் கற்பித்தது வெறும் சமையலா? உணவின் சத்து, குழந்தை வளர்ச்சி, துணியின் இயல்பு, குடும்ப வரவு செலவு ஆகிய அனைத்தும் இதனுள் அடங்கும்.

ஊரில் இவற்றைச் சொல்லித்தரப் பாட்டி இருந்தாள். இங்கோ, கணவனும் மனைவியும் பணிக்குச் செல்லும் வாடகை வீட்டில், ஆறு மாதக் குழந்தைக்கு என்ன ஊட்டுவது என்று சொல்ல ஆளில்லை. அறை எடுத்துத் தங்கும் இளைஞனுக்கு மாதக் கடைசியில் கையில் காசில்லை. பிழைக்க வந்த நமக்கன்றோ இக்கல்வி மிகுதியும் தேவை?

அடுத்த ஆண்டு எங்கள் மகன் பத்தாம் வகுப்பை முடிக்கிறான். இம்முறை பாடப் பட்டியல் முழுவதையும் அவனுக்குப் படித்துக் காட்டுவோம், மனையியல் உட்பட. தேர்வு அவனுடையதாகட்டும்.