நாக்கு என்னும் வாயிற்காவலன்

(தோட்ட மக்கள் கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



குழம்பில் உப்புக் குறைந்தால் முகம் சுளிக்கிறோம். தேநீரில் இனிப்புக் கூடினால் மகிழ்கிறோம். ஆயினும், சுவையை நாம் எவ்வாறு அறிகிறோம் என்று எண்ணிப் பார்ப்பவர் சிலரே.

கண்ணாடியின் முன் நின்று நாக்கை நீட்டிப் பாருங்கள். சிறு சிறு மேடுகள் தென்படும். அவற்றுள் பலவற்றில், கண்ணுக்குப் புலனாகாத சுவை மொட்டுகள் அமைந்துள்ளன. அவை நம் வாயில் ஆயிரக்கணக்கில் உள்ளன. ஒவ்வொரு மொட்டிலும் 50 முதல் 100 வரையிலான உயிரணுக்கள் உண்டு. உணவு உமிழ்நீரில் கரைந்து, மொட்டின் சிறு துளை வழியே அவற்றைத் தீண்டுகிறது. உடனே நரம்புகள் அச்செய்தியை மூளைக்குக் கொண்டு செல்கின்றன. நாக்கு உலர்ந்திருந்தால் சர்க்கரையும் இனிக்காது என்பதன் காரணம் இதுவே. இவ்வுயிரணுக்கள் ஏறத்தாழ 10 நாள்களுக்கொரு முறை புதுப்பிக்கப்படுகின்றன. அதனால்தான் கொதிக்கும் தேநீர் பட்டு மரத்த நாக்கு சில நாள்களில் தேறிவிடுகிறது.

நம் முன்னோர் சுவை ஆறு என்றனர். இன்றைய அறிவியல் இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு, கைப்பு ஆகிய நான்கையும், 'உமாமி' என்னும் ஐந்தாவது சுவையையும் ஏற்கிறது. 1908ஆம் ஆண்டில் ஜப்பானிய அறிஞர் கிக்குனாயே இக்கேடா கடற்பாசிச் சாற்றில் இதனைக் கண்டறிந்தார். நெத்திலிக் கருவாடு கொதித்த சாறு தரும் நிறைவும் இச்சுவையே. மிளகாயின் காரமோ சூட்டையும் வலியையும் உணரும் நரம்புகளின் வேலை. ஆகவேதான் 'நாக்கு எரிகிறது' என்கிறோம். வாழைப்பூவின் துவர்ப்பு பெரிதும் தொடு உணர்வைச் சார்ந்தது.

இவ்வுணர்வு நமக்கு எதற்கு? நாக்கு நம் உடலின் வாயிற்காவலன். இனிப்பு, 'இதில் ஆற்றல் உண்டு' என்று அறிவிக்கிறது. கைப்பு, 'இதில் நஞ்சு இருக்கலாம்' என்று எச்சரிக்கிறது. கசக்கும் மரவள்ளிக் கிழங்கில் பெரும்பாலும் நச்சுப்பொருள் மிகுதி. அதனை நாக்கு சொல்லிவிடுகிறது.

ஆனால், தோழர்களே, இக்காவலன் ஏமாறும் இடங்களும் உண்டு. கள்ளச் சாராயத்தில் கலந்த மெத்தனாலை நாக்கு பிரித்தறிய இயலாது. 2018 செப்டம்பரில் சிலாங்கூரில் அத்தகைய மதுவை அருந்திய பலர் உயிரிழந்தனர். களைக்கொல்லியைக் குளிர்பானப் போத்தலில் ஊற்றி வைப்பதும் அத்தகைய கேடே. தாகத்தோடு வரும் குழந்தை, சுவை தெரியுமுன் விழுங்கிவிடும். நஞ்சை அதற்குரிய கலத்திலேயே, பூட்டிய இடத்தில் வையுங்கள்.

மற்றோர் ஏமாற்றம் மெதுவாக வருவது. இனிப்பை விரும்புமாறு பிறந்த நாக்கு, 'போதும்' என்று சொல்ல அறியாது. 2023ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வின்படி, மலேசியாவில் வயது வந்தோரில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவும், 29.2 விழுக்காட்டினருக்கு உயர் இரத்த அழுத்தமும் இருந்தன. வயது வந்தோர் ஒரு நாளில் 5 கிராமுக்குக் குறைவாகவே உப்பு உட்கொள்ள வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். அஃது ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி; கருவாட்டிலும் ஊறுகாயிலும் உள்ள உப்பும் அக்கணக்கில் அடங்கும்.

நாக்கைப் பழக்கவும் முடியும் என்பதே நற்செய்தி. உப்பைப் படிப்படியாகக் குறைத்தால், சில வாரங்களில் குறைந்த உப்பே போதுமானதாகத் தோன்றும். தேநீரில் ஊற்றும் இனிப்புப் பாலையும் இந்த வாரம் அரைக்கரண்டி குறையுங்கள். அது பழகியபின் மேலும் அரைக்கரண்டி குறையுங்கள். குழந்தைகளுக்குத் தொடக்கத்திலிருந்தே இனிப்பை அளவோடு கொடுங்கள்.

சுவை நமக்கு இயற்கை அளித்த செல்வம். அதனை மகிழ்ந்து துய்ப்போம். ஆயின் காவலனுக்கு மேல் அறிவைக் காவல் வைப்போம்.