தாள் அவருடையது, சொல் இவருடையது



வைத்தியர் என்றபடியால் நீரிழிவைப் பற்றிப் பேசுவோம் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். அதைக் கிளினிக்கில் வைத்துக்கொள்வோம். இன்று பேசப்போவது கடிதங்களைப் பற்றி. நாங்கள் என்று சொல்வது, 1984 இறுதியில் நாயாற்றை விட்டு இடம்பெயர்ந்த குடும்பங்களிலிருந்து இந்த விடுதிக்கு வந்து சேர்ந்த பிள்ளைகளை. கடலையும் கரைவலையையும் பெரியவர்களின் வாயால் மட்டும் அறிந்த நாயாற்றுக்காரர் நாங்கள்.

முல்லைமணியின் ‘பண்டாரவன்னியன்’ நாடகத்தை இங்கே பழக்கிய வருடம், எங்களில் ஒருவருக்கும் வேடம் கிடைக்கவில்லை. நேரே கேட்கப் பயம். கொப்பித்தாளைக் கிழித்து, ஒரு வேடமாவது தரும்படி எழுதி, நாடகம் பழக்கிய ஆசிரியையின் மேசையில் வைத்துவிட்டு ஓடினோம். மறுநாள் அதே தாளின் பின்பக்கத்தில் பதில் இருந்தது. குரல் போதாது, திரை இழுக்க வரவும் என்று. திரை இழுத்தோம். மை பூசிய மீசையோடு அக்காமார் வாள் வீசியதை ஓரத்தில் நின்று பார்த்தோம். எங்கள் ஊர்ப்பக்கத்துக் கோவலன் கூத்தில் கண்ணகிக்கும் ஆண்தான் ஆடுவார். அந்தக் கண்ணகிகளைப் பார்த்து வளர்ந்த அம்மாமாருக்கு, மகள்மார் வேடம் கேட்டு எழுதினார்கள் என்பதே பெரிய புதினம்.

வேடம் கேட்பதும், கொடுப்பதும், மறுப்பதுமாக நாற்பது வருடங்கள் ஓடிய ஒரு கடிதத் தொடர்பைப் பிற்காலத்தில்தான் வாசித்தோம். எழுதியவர்கள் நாடகாசிரியர் பேர்னாட் ஷாவும் நடிகை திருமதி பற்றிக் கம்பெலும். ‘பிக்மேலியன்’ நாடகத்தில் பூ விற்கும் பெண்ணின் வேடத்தை இவரை மனதில் வைத்தே ஷா எழுதினார். 1914இல் லண்டனில் அது மேடையேறியபோது, இருபது வயதும் ஆகாத அந்தப் பெண்ணாக நடித்தவருக்கு வயது 49. நாற்பதைத் தாண்டிய எங்களுக்கு இதை வாசிக்க நல்ல சந்தோசம். அதற்கு முன் 1912இல் வாகன விபத்தொன்றில் அடிபட்டு அவர் மாதக்கணக்காகப் படுக்கையில் கிடந்தார். அந்த நாட்களின் கடிதங்கள்தான் மிகவும் நெருக்கமானவை.

1917 கடைசியில் அவருடைய மகன் போர்முனையில் இறந்தான். ஷா எழுதிய பதிலில் ஆறுதல் வார்த்தை தேடினால் கிடைக்காது. யுத்தத்தின் மீதும், அதைப் புகழ்ந்தவர்கள் மீதும் கோபம் மட்டுமே. மகனைப் பறிகொடுத்த தாய்க்கு இப்படியும் எழுதலாமா என்று வேறு இடத்தில் கேட்பார்கள். இந்த மண்டபத்தில் அதை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

1929இல் ஷாவுக்கு 73 வயது. ‘அப்பிள் கார்ட்’ என்ற நாடகத்தில் அரசனின் தோழியாக வரும் ஒரிந்தியாவைத் திருமதி கம்பெலைப் பார்த்தே படைத்தார். செய்தி அறிந்த அவர், தனக்கு வாசித்துக் காட்டும்படி விடாமல் கேட்டார். ஷா வாசித்தார். அவர் கோபித்த சில வரிகளை மாற்றியும் கொடுத்தார். இங்கிலாந்து மேடையில் அந்த வேடம் இளையவரான ஈடித் எவன்ஸுக்குப் போயிற்று. உருவம் இவருடையது, வேடம் இன்னொருவருக்கு. ஷா கெட்டவர் அல்ல. ஆனால் இந்த இடத்தில் அவரை மன்னிக்க எங்களுக்கு இன்னும் மனம் வரவில்லை.

வேடங்கள் குறைந்தன, காசும் குறைந்தது. கடைசியில் அவரிடம் மிஞ்சிய சொத்து அந்தக் கடிதக் கட்டுத்தான். 1922இல் வெளியிட்ட தன்வரலாற்றில் சிலவற்றை ஷாவின் வெட்டுக்களோடு சேர்த்திருந்தார். மீதியையும் அச்சிட விரும்பினார். சட்டப்படி தாள் பெற்றவருக்குச் சொந்தம், சொல் எழுதியவருக்குச் சொந்தம். தன் மனைவி உயிரோடிருக்கும்வரை முடியாது என்றார் ஷா. அவர் பக்கத்திலும் நியாயம் உண்டு. இந்த நடிகையோ வளர்ப்பு நாயை இங்கிலாந்தின் ஆறுமாதத் தனிமைப்படுத்தலுக்கு ஒப்படைக்க மனமில்லாமல் வெளிநாட்டிலேயே தங்கி, 1940இல் பிரான்சில் இறந்தார். வயது 75. கடிதங்கள் நூலானது 1952இல், ஷாவும் போய் இரண்டு வருடங்களுக்குப் பிறகு.

விற்க முடியாத கடிதங்களை அவர் எரிக்கவில்லை, தொலைக்கவும் இல்லை. எங்களால் அப்படிச் சொல்ல முடியாது. பிரயாணிகளின் கையில் அம்மாமார் கொடுத்துவிட்ட கடிதங்கள், திரை இழுக்க அழைத்த அந்தத் தாள், எல்லாம் 2009இல் போயின. கிளினிக்குக்கு வரும் வயதான அம்மாமார் பொலித்தீன் பையிலிருந்து கொப்பியை எடுக்கும்போது, சில வேளைகளில் மடிப்பிலேயே கிழிந்த ஒரு கடிதமும் கூட வரும். நாங்கள் பார்க்காததுபோல் இருப்போம். அவர்களும் திரும்ப மடித்து உள்ளே வைப்பார்கள்.

அந்த ஆசிரியை இன்று இல்லை. அவருடைய கையெழுத்தில் ஒரு துண்டாவது, லண்டனிலோ ரொறன்ரோவிலோ, உங்கள் யாருடைய அலுமாரியிலாவது கிடக்கக்கூடும். சங்கத்துக்கு ஒரு பிரதி எடுத்து அனுப்புங்கள். மூலத்தை அனுப்ப வேண்டாம். தாள் உங்களுடையது.