மக்கள் வேண்டுவது யாது?

மாணவச் செல்வங்களே,

முப்பத்தைந்து ஆண்டுகள் வினாக் கேட்பதையே தொழிலாகக் கொண்டிருந்தவன் நான். ஆயினும், கேட்க வேண்டிய ஒரு வினாவைக் கேளாது விட்ட கதையையே இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

2019இல் நான் ஓய்வு பெற்றேன். எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு வேண்டியன குறித்து ஒரு மனு எழுதித் தருமாறு ஊரார் என்னைக் கேட்டுக்கொண்டனர். புதிய கட்டடம், எக்ஸ்ரே கருவி, மேலும் பத்துப் படுக்கைகள் என்று அழகுற எழுதினேன். அக்டோபர் 2ஆம் நாள் கூடிய கிராம சபையில் அதனைப் படித்தேன். பலரும் கைதட்டினர். மூதாட்டி ஒருவர் மட்டும் எழுந்து நின்றார்.

"ஐயா, எனக்குச் சர்க்கரை வியாதி. விடியக்காலை களையெடுக்கப் போனால் பொழுது சாயத்தான் திரும்புவேன். டாக்டரம்மாவைப் பார்க்கப் போனால் அன்றைக் கூலி போச்சு. வாரத்திலே ஒரு நாள் சாயங்காலம் பார்க்கச் சொல்லி எழுதினீர்களா?" என்றார்.

நான் எழுதவில்லை. அவரைக் கேட்கவும் இல்லை.

மறுநாள் முதல் தெருத்தெருவாகச் சென்று கேட்டேன். எந்த மாத்திரையை உணவுக்கு முன் உண்பது, எதைப் பின் உண்பது என்று நிதானமாகச் சொன்னால் போதும் என்றார் ஒரு முதியவர். பலர் காதுபடத் தம் உடல்நிலையை விசாரிக்காதிருக்க ஒரு திரை வேண்டும் என்றார் ஒரு கருவுற்ற பெண். செவிலியரையும் கேட்டேன். நூறு பேர் வரிசையில் நிற்கும்போது இரண்டு கைகள் என்ன செய்யும் என்றார் அவர். அதுவும் நியாயமே. இவருள் ஒருவரேனும் என் மனுவிலிருந்த எக்ஸ்ரே கருவியைக் கேட்டிலர்.

பொருளில்லை என்ற காரணத்தால் எவருக்கும் மருத்துவம் கிட்டாமற் போகலாகாது என்று, நாடு விடுதலை பெறுமுன்பே, 1946இல் போர் குழு அறிவுறுத்தியது. கூலியாளுக்கோ பொழுதும் பொருளே என்பதை அம்மூதாட்டி எனக்குக் கற்பித்தார். 1978இல், அந்நாள் சோவியத் நாட்டின் அல்மா ஆட்டா நகரில் உலக நாடுகள் கூடி வெளியிட்ட பிரகடனம், நலவாழ்வுப் பணிகளைத் திட்டமிடுவதில் பங்கு கொள்வது மக்களின் உரிமை மட்டுமன்று, கடமையும் ஆகும் என்றது. கேட்பாரின்றி அக்கடமையை அவர்கள் ஆற்றுவது எங்ஙனம்?

இரண்டாம் மனுவை மக்கள் சொன்ன சொற்களிலேயே எழுதினேன். திரை விரைவில் வந்தது. அதற்குப் பெருஞ்செலவு இல்லை. 2021இல் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் வழியே மூதாட்டிக்கு மாத்திரை வீட்டிற்கே வருகிறது. மாலை நேர மருத்துவம் மட்டும் எங்கள் ஊருக்கு இன்னும் வரவில்லை. ஒவ்வொரு கிராம சபையிலும் அதனைக் கேட்டு வருகிறேன்.

நாளை உங்களுள் சிலர் மருத்துவர் ஆவீர்கள். சிலர் திட்டம் வகுக்கும் அதிகாரிகள் ஆவீர்கள். அதற்கு முன்பாக, இன்று மாலை உங்கள் பாட்டியின் அருகே அமர்ந்து, மருத்துவமனைக்குப் போவதில் அவருக்குள்ள இடர் யாது என்று கேளுங்கள். அவர் சொல்வதை அவர் சொற்களிலேயே எழுதிக்கொள்ளுங்கள். என் முதல் மனுவினும் அது சிறந்த மனுவாக இருக்கும்.